கெலிக்கு ஊசி போட்டார்களா?

மலேசியாவின் தங்காக் பாசாரில் காலை நேரத்தில் மீன் கடைப் பக்கம் போனால், பிளாஸ்டிக் தொட்டிக்குள் கறுத்த மீன்கள் ஒன்றின் மேல் ஒன்று நெளிந்துகொண்டிருக்கும். தமிழ்நாட்டில் கெளுத்தி. இங்கே மலாய்ப் பெயரே தமிழர் வாயிலும் நிலைத்துவிட்டது: கெலி. மழைக்காலத்தில் கடல் மீன் விலை ஏறினால் கெலிக்கு மவுசு கூடும். வாங்க வரும் அம்மாக்கள் மீனைப் பார்ப்பார்கள், கடைக்காரரைப் பார்ப்பார்கள், பிறகு அந்தக் கேள்வியைக் கேட்பார்கள்.

"வளத்த மீன்தானே இது? ஊசி கீசி போட்டு மூணே மாசத்துல பெருசாக்கிடுறாங்களாமே?"

"ஒத்த மீனுக்கு ஒரு வெள்ளி தேறுறதே பெரும்பாடு. அதுக்கு ஊசி வேறயாக்கா?"

கடைக்காரரின் கணக்கு சரிதான். ஆனால் அக்காவின் சந்தேகத்துக்குப் பதில் கிடைக்கவில்லை. விரல் நீளக் குஞ்சாகத் தொட்டியில் விட்ட கெலி மூன்று நான்கு மாதங்களில் குழம்புக்குத் தயாராகிவிடுகிறது. தோட்டத்து அல்லூரில் (வாய்க்காலில்) தானாக வளரும் மீனுக்கு அந்த வேகம் கிடையாது. அப்படியானால் தீவனத்தில் எதையோ கலக்கத்தானே செய்கிறார்கள்?

கலக்கிறார்கள். அது என்ன, எதற்கு, எவ்வளவு நாள் என்பதுதான் இந்த அத்தியாயம்.

ஊசி யாருக்கு?

முதலில் ஊசிக் கதையை முடித்துவிடலாம். அந்த வதந்திக்கு ஒரு வேர் உண்டு.

ஆற்று மீன்களில் பல, மழை பெய்து புதுவெள்ளம் வந்தால்தான் முட்டையிடும். தொட்டிக்குள் புதுவெள்ளத்துக்கு எங்கே போவது? மீனின் மூளைக்கு அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் பிட்யூட்டரி என்ற சின்னஞ்சிறு சுரப்பிதான் "முட்டையிடு" என்று உத்தரவு போடுகிறது. 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவின் அங்குல் ஊரில் ஹீராலால் சௌத்ரியும் கே. எச். அலிகுஞ்ஞியும் அந்தச் சுரப்பியின் சாற்றைக் கெண்டை மீனுக்கு ஊசியில் ஏற்றி, குளத்திலேயே இனப்பெருக்கம் செய்ய வைத்தார்கள். இந்தியா இன்றும் ஜூலை 10ஐ தேசிய மீன் விவசாயிகள் நாளாகக் கொண்டாடுகிறது. கெலிக் குஞ்சு பொரிக்கும் இடங்களிலும் இதே உத்திதான். சுரப்பிச் சாற்றுக்குப் பதிலாக இப்போது செயற்கை ஹார்மோன் பயன்படுகிறது.

ஆக, ஊசி தாய் மீனுக்கு. பாசார் தொட்டியில் நெளிவது அதன் பிள்ளை. பிரசவத்துக்கு அம்மாவுக்குப் போட்ட ஊசியால்தான் பையன் ஆறடி வளர்ந்தான் என்று யாரும் சொல்வதில்லை.

மலாக்காவில் பிறந்த ஆண் கூட்டம்

தங்காக்கிலிருந்து மேற்கே காரில் கிளம்பினால் ஒரு மணி நேரத்தில் மலாக்காவின் பத்து பெரெண்டாமுக்குப் போய்விடலாம். 1950களின் இறுதியில் அங்கே வெப்பமண்டல மீன் வளர்ப்பு ஆய்வு நிலையம் ஒன்று நடந்தது. மீன்களை விரைவாக வளர்க்கும் வழியைத் தேடிய சி. எஃப். ஹிக்லிங் என்ற ஆங்கிலேயர் அங்கே ஒரு வேடிக்கையைக் கண்டார்.

திலாப்பியா மீனில் ஒரு சங்கடம் உண்டு. சின்ன வயதிலேயே முட்டையிடத் தொடங்கிவிடும். பெண் மீன் முட்டைகளை வாய்க்குள்ளேயே அடைகாக்கும், அந்த நாட்களில் சாப்பாடு கிடையாது. குளம் நிறைய பொடி மீன், விற்க ஒன்றும் தேறாது. ஜாவா வகைப் பெண் மீனையும் சான்சிபார் வகை ஆண் மீனையும் ஹிக்லிங் சேர்த்தபோது பிறந்த குஞ்சுகள் எல்லாமே ஆண். முட்டையும் இல்லை, அடைகாப்பும் இல்லை, தின்றது முழுக்கச் சதையாயிற்று. 1960இல் அவர் இதை எழுதி வெளியிட்டார்.

கலப்பினம் உண்டாக்குவதைவிட எளிதான வழியைப் பிற்பாடு கண்டுபிடித்தார்கள். பொரித்த குஞ்சுகளுக்கு முதல் மூன்று, நான்கு வாரம் ஆண் ஹார்மோன் கலந்த தூளைக் கொடுத்தால் பெண்ணாக வேண்டியதும் ஆணாக வளர்ந்துவிடும். ஹார்மோன் என்ற சொல்லைக் கேட்டதும் பதறுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்கலாம்: அந்த வயதில் குஞ்சு ஒரு கிராம் எடைகூட இருக்காது. அதன் பிறகு மாதக்கணக்கில் சாதாரணத் தீவனம் தின்றுதான் அது சந்தைக்கு வருகிறது. பயப்பட வேண்டியது குஞ்சு பொரிப்பகத்தில் அந்தத் தூளை வெறுங்கையால் பிசையும் தொழிலாளிதான்.

ஒரு கிலோ தீவனம் எங்கே போகிறது?

மாதச் சம்பளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வாடகை, பள்ளிக் கட்டணம், மருந்துச் செலவு எல்லாம் போக மிஞ்சுவதுதான் சேமிப்பு. மீனுக்குத் தீவனம் சம்பளம், எடை சேமிப்பு.

இந்த வரவு செலவில் மீனுக்கு மூன்று சலுகைகள் இருக்கின்றன. உடம்பைச் சூடாக வைத்திருக்கும் செலவு அதற்கு இல்லை. தண்ணீரே தாங்குவதால் எடையைச் சுமந்து நிற்கும் செலவும் இல்லை. கழிவு நைட்ரஜனை நம்மைப் போல யூரியாவாக மாற்றாமல் அம்மோனியாவாகவே செவுள் வழியே விட்டுவிடும், அதிலும் மிச்சம். அதனால்தான் நல்ல பண்ணையில் ஒன்று முதல் ஒன்றரை கிலோ தீவனத்துக்கு ஒரு கிலோ கெலி கிடைக்கிறது. மாட்டில் ஒரு கிலோ எடை ஏற்ற ஆறு கிலோவுக்கு மேல் தேவை. கெலியின் வேகத்தில் பெரும் பங்கு மந்திரத் தூளுக்குச் சேராது. வேளாவேளைக்குக் கிடைக்கும் முழுச் சாப்பாடும், காற்றையே நேராகச் சுவாசித்து நெரிசலைத் தாங்கும் அதன் உடலமைப்பும்தான் காரணம்.

பண்ணைச் செலவில் பாதிக்கு மேல் தீவனத்துக்குப் போகிறது. ஆகவே சம்பளத்தில் எங்கே ஒழுகுகிறது என்று பண்ணைக்காரர் தேடுகிறார். ஒழுகும் இடத்தை அடைக்கக் கொஞ்சமாகக் கலக்கும் பொருளுக்குத் தீவனச் சேர்மானம் என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

ஓர் ஓட்டை எல்லோருக்கும் தெரிந்த இடத்தில் இருக்கிறது. முன்பு மீன் தீவனம் என்றால் பெருவின் நெத்திலித் தூள். அது விலை ஏற ஏற, சோயாப் பிண்ணாக்கும் தவிடும் அந்த இடத்தைப் பிடித்தன. ஆனால் தாவர விதை தன் பாஸ்பரஸில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைப் பைட்டேட் என்ற பெட்டியில் பூட்டி வைக்கிறது. அது முளைக்கப் போகும் கன்றுக்கான சேமிப்பு. மீனின் குடலில் அதற்குச் சாவி இல்லை. எலும்புக்குத் தேவையான பாஸ்பரஸ் வாய் வழியே போய் வால் வழியே வெளியேறி, தண்ணீரைப் பச்சையாக்குகிறது. பூஞ்சைகளிலிருந்து எடுக்கும் பைட்டேஸ் என்ற நொதி அந்தப் பூட்டைத் திறக்கும். இங்கே ஒரு தொழில் நுணுக்கம் உண்டு: தீவன உருண்டையைச் சூட்டில் பொரித்து எடுக்கும்போது நொதி செத்துவிடும். அதனால் உருண்டை ஆறிய பிறகுதான் மேலே தெளிக்கிறார்கள்.

வளர்ச்சிக்கான சேர்மானங்களில் நம்பகமானது எது என்று கேட்டால் இதைத்தான் சொல்ல வேண்டும். எப்படி வேலை செய்கிறது என்பது தெளிவு, பலன் அளக்கக்கூடியது, விளம்பரத்தில் கவர்ச்சி மட்டும் இல்லை.

பீமவரத்துக்காரரும் கோழிக்குஞ்சும்

அடுத்த ஓட்டை நோய். அதை அடைக்க உலகம் முதலில் எடுத்த பொருளின் கதையில் நம் பக்கத்துக்காரர் ஒருவர் வருகிறார்.

எல்லாப்பிரகடா சுப்பாராவ் 1895இல் பீமவரம் என்ற ஊரில் பிறந்தார், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தார், அமெரிக்காவின் லெடர்லே நிறுவனத்தில் ஆராய்ச்சித் தலைவரானார். அவர் தலைமையின் கீழ் பெஞ்சமின் டக்கர் என்ற முதிய தாவரவியலாளர் மண்ணிலிருந்த ஒரு நுண்ணுயிரிலிருந்து ஆரியோமைசின் என்ற ஆன்டிபயாடிக் மருந்தை எடுத்தார். 1948இல் அது உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு சுப்பாராவ் இறந்துபோனார்.

மருந்தை வடித்த பிறகு மிஞ்சிய சக்கையில் வைட்டமின் பி12 இருக்கும் என்று நினைத்து, அதே நிறுவனத்தின் தாமஸ் ஜூக்ஸும் ராபர்ட் ஸ்டோக்ஸ்டாடும் அதைக் கோழிக்குஞ்சுகளுக்குப் போட்டார்கள். குஞ்சுகள் எதிர்பார்த்ததைவிட வேகமாக வளர்ந்தன. சக்கையில் தங்கியிருந்த துளி மருந்துதான் காரணம் என்று 1950இல் தெரிந்தது. அன்று தொடங்கி ஆன்டிபயாடிக் மருந்துச்சீட்டிலிருந்து தீவன மூட்டைக்கு இறங்கிவிட்டது. கோழியிலிருந்து பன்றிக்கு, பிறகு மீனுக்கும் இறாலுக்கும். சுப்பாராவ் பிறந்த பீமவரம் இன்று இறால், மீன் பண்ணைகளின் ஊர் என்பது விதியின் குறும்பு.

விளைவு மெதுவாக வந்தது. தினமும் துளித்துளியாக மருந்து குடித்த கிருமிகள் அதற்குப் பழகிக்கொண்டன. ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜனவரி 1 முதல் வளர்ச்சிக்காக ஆன்டிபயாடிக் கொடுப்பதை முழுக்க நிறுத்தியது. மலேசியாவும் அடி வாங்கியிருக்கிறது. குளோராம்பெனிகால், நைட்ரோஃபியூரான் ஆகிய தடை செய்யப்பட்ட மருந்துகளின் எச்சம் இருந்ததால், தீபகற்ப மலேசியாவின் இறாலை 2016 ஏப்ரலில் அமெரிக்க அதிகாரிகள் எல்லையிலேயே நிறுத்தி வைக்கத் தொடங்கினார்கள். சோதித்த சரக்கில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தேறவில்லை. பாசார் அக்காவின் பயத்துக்கு ஆதாரம் தேட வேண்டுமென்றால் ஊசியை விட்டுவிட்டு இங்கேதான் தேட வேண்டும்.

நார்வே வேறு பாதையில் போனது. 1987இல் அதன் சால்மன் பண்ணைகள் கிட்டத்தட்ட 50 டன் ஆன்டிபயாடிக் கொட்டின. இன்று உற்பத்தி பல மடங்கு பெருகியும் மருந்து ஒரு டன்னைத் தொடுவதில்லை. தடுப்பூசி! ஒவ்வொரு குஞ்சையும் மயக்கி, ஒவ்வொன்றுக்கும் குத்துகிறார்கள். சால்மன் விலைக்கு அது கட்டுப்படியாகும். சில காசு பெறும் கெலிக் குஞ்சுக்கு? கடைக்காரர் சொன்ன கணக்குதான்.

தூங்கும் காவல்காரன்

மீனின் உடம்பில் இரண்டு வகைக் காவல் உண்டு. முன்பு வந்த திருடனின் முகத்தை நினைவு வைத்துப் பிடிப்பது ஒன்று, தடுப்பூசி அதைத்தான் பழக்குகிறது. மற்றது பிறவிக் காவல். யார் எவர் என்று பார்க்காமல் அந்நியனைக் கண்டால் அடிக்கும். தோலில் வழவழக்கும் கோழை, அதில் கிருமியின் சுவரைக் கரைக்கும் லைசோசைம், கிருமியை விழுங்கும் வெள்ளணுக்கள் எல்லாம் இந்தப் படை. மீனுக்கு எலும்பு மஜ்ஜையில் இரத்தம் ஊறுவதில்லை. இந்த அணுக்கள் பிறப்பது தலைக்குப் பின்னால் இருக்கும் முன்சிறுநீரகத்தில். மனிதனைவிட மீன் இந்தப் பிறவிக் காவலையே அதிகம் நம்பி வாழ்கிறது.

கிருமி வருவதற்கு முன்பே அந்தக் காவலைத் தட்டி எழுப்பினால் என்ன? 1990இல் நார்வேயின் ட்ரோம்சோ நகரத்தில் ராபர்ட்சனும் அவரது குழுவினரும் ரொட்டி ஈஸ்ட்டின் செல்சுவரிலிருந்து பீட்டா குளுக்கன் என்ற பொருளை எடுத்து சால்மனுக்குச் செலுத்தினார்கள். பூஞ்சைகளின் சுவர் இந்தப் பொருளால் ஆனது. மீனின் உடம்பு "பூஞ்சை உள்ளே வந்துவிட்டது" என்று ஏமாந்து படையைத் திரட்டியது. பிறகு உண்மையான நோய்க்கிருமியை விட்டபோது சாவு குறைந்தது. திருடனே வராத தெருவில் "திருடன், திருடன்" என்று ஒருவன் கத்திவிட்டுப் போவது மாதிரி. பீட்டா குளுக்கன் இன்று உலகம் முழுக்கத் தீவனத்தில் கலக்கும் சரக்கு.

மதுரைத் தொட்டியில் கரிசலாங்கண்ணி

ஈஸ்ட்டால் கத்த முடியுமானால் மூலிகையும் கத்துமா? மதுரையில் ஆர். தினகரன் மைக்கேலும் அவரது மாணவர்களும் துளசி, தூதுவளை, கரிசலாங்கண்ணி என்று பாட்டி வைத்தியத் தோட்டத்தையே மீனுக்குக் கொடுத்துப் பார்த்தவர்கள். 2007இல் கிறிஸ்டிபபிதா, திவ்யஞானேஸ்வரி, மைக்கேல் மூவரும் வெளியிட்ட கரிசலாங்கண்ணிச் சோதனையைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். மீன் வேறு எதுவும் இல்லை, ஹிக்லிங் கலப்புக்கு எடுத்த ஜாவா வகைத் திலாப்பியாவேதான். தமிழ்நாட்டில் அதற்கு ஜிலேபிக் கெண்டை என்று பெயர்.

தலைக்கு எண்ணெய் காய்ச்சும் அந்த இலையின் சாற்றை நான்கு விதமாகத் தீவனத்தில் சேர்த்தார்கள். ஒன்றில் சாறே இல்லை. மற்றவற்றில் 0.01, 0.1, 1 சதவீதம். ஒரு சதவீதம் என்றால் கிலோவுக்குப் பத்து கிராம். சில மீன்கள் ஒரு வாரம் தின்றன, சில இரண்டு வாரம், சில மூன்று வாரம். பிறகு உடம்பில் செம்புண்ணும் வயிற்று வீக்கமும் உண்டாக்கும் ஏரோமோனாஸ் கிருமியைச் செலுத்தினார்கள்.

ஒரு சதவீதம் தின்ற மீன்களின் பாதுகாப்பு அளவு இது: ஒரு வாரத்தில் 64, இரண்டு வாரத்தில் 75, மூன்று வாரத்தில் 32.

இந்த எண்களைத் தப்பாகப் படிப்பது சுலபம். 75 என்றால் நூறு மீனில் 75 பிழைத்தது என்று பொருளில்லை. வெறும் தீவனம் தின்ற தொட்டியில் நிகழ்ந்த சாவில் எத்தனை சதவீதம் தவிர்க்கப்பட்டது என்பதே கணக்கு. ஒரு பேச்சுக்கு, வெறும் தீவனத் தொட்டியில் 40 மீன் செத்ததாக வைத்துக்கொள்வோம். சாறு தின்ற தொட்டியில் ஒரு வாரக் கணக்குக்கு 14 சாகும். இரண்டு வாரத்துக்கு 10. மூன்று வாரத்துக்கு 27.

கவனியுங்கள், மூன்றாவது வாரத்தில் பலன் சரிந்துவிட்டது. நல்லது என்று தெரிந்து இன்னும் ஒரு வாரம் போட்டவருக்குக் கிடைத்தது பாதிக்கும் குறைவு. வேடிக்கை என்னவென்றால், மூன்று வாரம் தின்ற மீன்களின் வெள்ளணுக்கள் சோதனைக் குழாயில் சுறுசுறுப்பாகவே இருந்தன. குழாயில் தெரியும் வீரம் வேறு, கிருமியோடு மோதும்போது உயிர் பிழைப்பது வேறு.

ஏன் சரிந்தது? நோய் எதிர்ப்பைத் தூண்டும் பொருள்களை நீண்ட நாள் கொடுத்தால் உடம்பு அந்தத் தட்டலுக்குப் பழகிவிடுகிறது என்பது மீன் ஆய்வாளர்கள் பல முறை கண்ட ஒன்று. தினமும் "திருடன்" என்று கத்தினால் தெருவில் யார் எழுந்து வருவார்கள்? இன்னொன்றும் உண்டு. காவல் படைக்கும் சம்பளம் கொடுக்க வேண்டும். படையை எந்நேரமும் வாசலில் நிறுத்தினால் அந்தச் செலவு வளர்ச்சிக்கான சேமிப்பிலிருந்துதான் போகும். "வளர்ச்சியும் கூடும், எதிர்ப்பும் கூடும், வருடம் முழுக்கக் கொடுங்கள்" என்று பொட்டலத்தில் அச்சடித்திருந்தால், அதில் ஏதாவது ஒன்றைச் சந்தேகிக்கலாம்.

பினாங்கின் புளிப்பு

மலேசியாவிலேயே செய்த ஒரு சோதனையும் இதே பாடத்தைச் சொல்கிறது. பினாங்கின் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் இங் விங் கியோங் குழுவினர் சிவப்புத் திலாப்பியாவுக்குக் கரிம அமிலங்கள் கலந்த தீவனம் கொடுத்து, 2009இல் முடிவை வெளியிட்டார்கள். ஊறுகாயில் புளிப்பு கெட்டுப்போகாமல் காப்பது போல, குடலில் அமிலம் வேண்டாத நுண்ணுயிரிகளை அடக்கும் என்பது எண்ணம். கழிவில் நுண்ணுயிரி குறைந்தது. கண் பிதுங்கி, சுழன்று நீந்திச் சாக வைக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியை விட்டபோது சாவும் குறைந்தது. எடையோ, கூடுவது போலத் தெரிந்ததே தவிர, புள்ளியியல் கணக்கில் நிற்கும் அளவுக்குக் கூடவில்லை.

சேர்மானத்தின் பலனைப் பண்ணைக்காரர் பெரும்பாலும் தராசில் தேடுகிறார். அது இருப்பது காலையில் வலையால் அள்ளி எறியும் செத்த மீன்களின் எண்ணிக்கையில். நோயே வராத பருவத்தில் அந்தச் செலவுக்குக் கண்ணுக்குத் தெரியும் வருமானம் எதுவும் இருக்காது.

சோதனைத் தொட்டியில் தண்ணீர் சுத்தம், மீன் கொஞ்சம். வீட்டுக்குப் பின்னால் கான்வாஸ் தொட்டியில் நெருக்கி வளர்க்கும் கெலிக்கு அந்த வசதி இல்லை. தின்னாத உருண்டை அடியில் அழுகும், அம்மோனியா ஏறும், பெரியது சிறியதைக் கடிக்கும். அவதிப்படும் மீனின் இரத்தத்தில் கார்டிசால் ஏறும். அது பிறவிக் காவலை உட்காரச் சொல்லும் ஹார்மோன். ஒரு பக்கம் மூலிகை தட்டி எழுப்ப, மறுபக்கம் அழுக்குத் தண்ணீர் தாலாட்டுப் பாடினால் எந்தப் பொட்டலமும் உதவாது. தண்ணீர் மாற்றுவதும், வாரந்தோறும் அளவு பார்த்துப் பிரித்து விடுவதும்தான் மலிவான நோய் எதிர்ப்பு.

பாசார் அக்காவுக்கு இப்போது பதில் சொல்லலாம். ஊசி போடவில்லை. கலந்தது நொதியாகவோ ஈஸ்ட்டாகவோ இலைச்சாறாகவோ இருந்தால் தாராளமாக வாங்கிக் குழம்பு வைக்கலாம். ஆன்டிபயாடிக் கொடுத்திருந்தால், அதை நிறுத்தி எத்தனை நாள் கழித்துப் பிடித்தார்கள் என்று கேட்க வேண்டும்.

கெலி வளர்ப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: சேர்மானப் பொட்டலத்தைப் பிரித்த தேதியையும் நிறுத்த வேண்டிய தேதியையும் தொட்டிக்கு மேலே ஓர் அட்டையில் எழுதித் தொங்கவிடுங்கள், பக்கத்திலேயே அன்றன்று செத்த மீன்களின் எண்ணிக்கையையும்.